ஆடு தின்னாத செடி: ஒரு கசப்பு வேரின் வரலாறு

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "நம்ம பேட்ச் சார்பா ஒரு கட்டுரை குடுங்க. ஹாஸ்டல் சாம்பார் பத்தி மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே நாலு வந்திருச்சு" என்றார். நான் தாவரவியல் மாணவன். எனக்குத் தெரிந்தது செடி, கொடி, வேர். ஆகவே ஒரு வேரைப் பற்றி எழுதுகிறேன். இது நம் சேலம், நாமக்கல் சமவெளியில் வயல் வரப்பில் கிடக்கும் ஒரு சாதாரணச் செடியின் வேர். இதன் பங்காளி வேர்கள் சீன மருந்துக் கடைகளில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இருந்தவை. இந்த வேருக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. அதைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை என்றும் சொல்லலாம்.

வரப்பில் கண்ட செடி

நாங்கள் 1981-ல் கல்லூரியில் சேர்ந்தபோது நாமக்கல் தனி மாவட்டம் கிடையாது. சேலம் மாவட்டம்தான். (1997 ஜனவரி 1-ல்தான் பிரிந்தது.) முதலாண்டு முடிவதற்குள் ஒவ்வொருவரும் ஐம்பது செடிகளைப் பறித்து, அழுத்தி, காயவைத்து, அட்டையில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஹெர்பேரியம் என்பார்கள். பழைய நாளிதழ்களுக்கு நடுவே செடிகளை வைத்து, மேலே ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்து, வீட்டில் திட்டு வாங்காத தாவரவியல் மாணவன் உண்டா?

அப்படி என் ஊர்க் கரிசல் காட்டு வரப்பில் நான் பறித்ததுதான் ஆடுதின்னாப்பாளை. தரையோடு படரும். இலை சாம்பல் பூத்த பச்சை. பூ கருஞ்சிவப்பில், ஊதுகுழல் போல வளைந்திருக்கும். கையில் கசக்கினால் ஒரு குமட்டும் வாடை. நுனி நாக்கில் பட்டால் போதும், அன்று முழுக்கக் கசக்கும். வேலிக் கள்ளியைத் தவிர எதையும் விட்டு வைக்காத எங்கள் வெள்ளாடுகள் இதை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகும். பெயர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்!

நான் செடியோடு வீட்டுக்கு வந்ததைப் பார்த்த என் அமுச்சி, "அதை எதுக்கு கண்ணு புடுங்கிட்டு வந்தே?" என்றாள்.

"காலேஜுக்கு அமுச்சி. இது மருந்துச் செடிதானே?"

"மருந்துதான். உனக்குச் சின்னப் புள்ளையில வவுத்துல பூச்சின்னு தழைய அரைச்சு வெளக்கெண்ணெயில கொழைச்சுத் தொப்புளைச் சுத்தித் தடவியிருக்கேன். ஆடே வாய வைக்காத தழையடா. அதனால மேலுக்குத்தான். உள்ளுக்குக் குடுக்க நானென்ன வைத்தியரா?"

இந்தக் கடைசி வாக்கியத்தை அன்று நான் காதில் வாங்கவில்லை. எழுத்தறியாத கிழவி பேச்சு என்று நினைத்தேனோ என்னவோ!

பெயரும் உறவும்

எங்கள் பேராசிரியர் வகுப்பில் அடிக்கடி சொல்வார்: "பேர் தெரியாத செடி, ஊர் பேர் தெரியாத ஆள் மாதிரி. அப்படிப்பட்டவனுக்குப் பொண்ணு குடுப்பீங்களா? அப்புறம் ஏன் பேர் தெரியாத செடியை மருந்துன்னு சாப்பிடுறீங்க?" வகுப்பே சிரிக்கும். சந்தேகமான செடிகளை அடையாளம் காண எங்களை ஒருமுறை திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்துக்கு அழைத்துச் சென்றார். அருட்தந்தை கே.எம். மேத்யூ அவர்கள் சேர்வராயன், கொல்லிமலை, கல்வராயன் மலைகளும் அவற்றின் அடிவாரச் சமவெளிகளும் அடங்கிய பகுதியின் தாவரங்களைத் தொகுத்த பெருநூல் 1980களில் தொகுதி தொகுதியாக வெளிவந்து கொண்டிருந்த காலம் அது. கட்டுக்கட்டாய் அடுக்கியிருந்த அந்த அட்டைகளைப் பார்த்து நாங்கள் வாயடைத்து நின்றோம்.

ஆடுதின்னாப்பாளையின் தாவரவியல் பெயர் அரிஸ்டலோக்கியா பிராக்டியோலேட்டா. 1783-ல் பிரெஞ்சு அறிஞர் லாமார்க் வைத்தது. இதன் அக்காள் முறை ஒரு கொடி உண்டு. அது அரிஸ்டலோக்கியா இண்டிகா. லின்னேயஸ் 1753-லேயே பெயர் சூட்டிவிட்டார். நம் ஊரில் அதற்கு ஈஸ்வரமூலி, பெருமருந்து, தலைச்சுருளி, கருடக்கொடி என்று பல பெயர்கள். புதர்களில் ஏறிப் படரும். அதன் காய் வெடித்தால் தலைகீழ்க் குடை போல, சிறு கூடை போலத் தொங்கும். வேர் பாம்புக் கடிக்கு என்பது ஊர்ப் பேச்சு.

அரிஸ்டலோக்கியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'நல்ல பிரசவம்' என்று பொருள். வளைந்த அந்தப் பூ கருப்பையைப் போல இருப்பதால் பிரசவத்துக்கு நல்லது என்று பழைய ஐரோப்பியர் நம்பினார்கள். எந்த உறுப்பைப் போல ஒரு செடி தோன்றுகிறதோ அந்த உறுப்புக்கு அது மருந்து என்பது அவர்கள் கணக்கு. அப்படியே பார்த்தாலும், ஆடுதின்னாப்பாளையின் இலையைத் தாவரவியல் நூல்கள் எப்படி வர்ணிக்கின்றன தெரியுமா? சிறுநீரக வடிவம் என்று! இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்த காரியம்

இரண்டாம் ஆண்டில், 1983-ல், கல்லூரியில் அறிவியல் கண்காட்சி. மூலிகை மேஜைக்கு நான் பொறுப்பு. துளசி, ஆடாதொடை, நிலவேம்பு, கீழாநெல்லி வரிசையில் ஆடுதின்னாப்பாளையும் இருந்தது. எங்கோ ஒரு பழைய சிறு புத்தகத்தில் படித்ததை வைத்து, 'வேர்ப்பொடி தினமும் உள்ளுக்குச் சாப்பிட, தோல் நோய் தீரும், இரத்தம் சுத்தமாகும்' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டினேன். வந்தவர்களுக்கெல்லாம் ஒப்பித்தேன். கை தட்டினார்கள். எனக்கு ஒரு பரிசும் கிடைத்தது. ஒரு எவர்சில்வர் டம்ளர்!

என் பெஞ்சுத் தோழன் ஒருவனுக்கு முழங்காலில் விடாத படை. ராசிபுரம் பக்கத்து விவசாயக் குடும்பம். அவன் மேஜையருகே வந்து, "மாப்ள, நெசமாவே கேக்குமாடா?" என்றான். "புத்தகத்துலயே போட்டிருக்குடா" என்றேன். புத்தகத்தில் போட்டிருந்தால் அது சத்தியம் என்று நினைத்த வயது.

சீனத்தில் ஒரு வேர்

இனி வரலாற்றுக்கு வருகிறேன். அரிஸ்டலோக்கியா குடும்பம் உலகெங்கும் உண்டு. சீன மருத்துவத்தில் இதன் பல இனங்களுக்கு இடம் இருந்தது. ஓர் இனத்தின் காய், குதிரைக் கழுத்து மணி போலத் தொங்குவதால் 'மா தோ லிங்' என்று பெயர் பெற்று இருமலுக்குப் போயிற்று. அதே செடியின் வேர் 'சிங் மு ஷியாங்'. இன்னொரு இனத்தின் தடித்த வேர் 'குவாங் ஃபாங் ஜி'. கசப்பு, குளிர்ச்சி என்று இதன் குணத்தைச் சீன நூல்கள் சொல்கின்றன. நீர்க்கோவைக்கும் மூட்டு வலிக்கும் கொடுத்தார்கள்.

இங்கேதான் பெயர்க் குழப்பம். 'ஹான் ஃபாங் ஜி' என்று வேறொரு வேர் உண்டு. அது ஸ்டெஃபானியா என்னும் வேறு குடும்பத்துக் கொடி. அதிலும் கசப்புண்டு, ஆனால் இந்த நஞ்சு கிடையாது. இரண்டுக்கும் கடையில் 'ஃபாங் ஜி' என்றே பேச்சு. வில்லை வில்லையாய்ச் சீவிக் காயவைத்துவிட்டால், பொடி செய்துவிட்டால், எது எது என்று யார் சொல்ல முடியும்? இலை இல்லை, பூ இல்லை. எங்கள் பேராசிரியர் சொன்ன ஊர் பேர் தெரியாத ஆள்!

1990-ல் பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் உடல் எடை குறைக்கும் ஒரு மருத்துவ நிலையம், தன் மாத்திரைக் கலவையில் இரண்டு சீன மூலிகைகளைச் சேர்த்தது. ஒன்று ஸ்டெஃபானியா என்று நம்பி வாங்கிய வேர். வந்து சேர்ந்ததோ அரிஸ்டலோக்கியா. 1992-ல் இளம் பெண்கள் சிலருக்குச் சிறுநீரகம் அதிவேகமாகச் சுருங்கிச் செயலிழந்தது. சர்க்கரை இல்லை, வேறு காரணமும் தெரியவில்லை. எல்லோரும் அதே நிலையத்தில் மெலிவதற்குப் போனவர்கள் என்பதை வான்ஹெர்வெகெம் என்ற மருத்துவரின் குழு கண்டுபிடித்து 1993-ல் 'லான்செட்' இதழில் எழுதியது. பாதிக்கப்பட்டவர்கள் 100 பேரைத் தாண்டினார்கள். கதை அதோடு முடியவில்லை. செயலிழந்த சிறுநீரகங்களை முன்னெச்சரிக்கையாக எடுத்துப் பார்த்த 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்ததாக 2000-ல் அறிவித்தார்கள்.

டான்யூப் கரையில் ஒரு புதிர்

இதே நேரத்தில் இன்னொரு பழைய புதிருக்கும் விடை கிடைக்கத் தொடங்கியது. ஐரோப்பாவில் டான்யூப் ஆற்றின் கிளை நதிக்கரைகளில், செர்பியா, போஸ்னியா, குரோஷியா, ருமேனியா, பல்கேரியா நாட்டுக் கிராமங்களில், விவசாயக் குடும்பங்களுக்கு மட்டும் ஒரு சிறுநீரக நோய். 1950களிலிருந்து மருத்துவ ஏடுகளில் இருக்கிறது. ஒரு வீட்டில் நாலு பேருக்கு இருக்கும், பக்கத்து ஊரில் ஒருவருக்கும் இருக்காது. தண்ணீரா, பூஞ்சையா, பரம்பரையா என்று தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கோதுமை வயலில் களையாய் முளைக்கும் அரிஸ்டலோக்கியாவின் விதை, அறுவடையில் கலந்து, மாவாகி, ரொட்டியாகிறது என்ற கருத்து 1969-லேயே சொல்லப்பட்டது. பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2007-ல் அமெரிக்காவின் க்ரோல்மன் குழு அந்த நோயாளிகளின் சிறுநீரகத் திசுவிலேயே இந்தச் செடியின் தடயத்தைக் காட்டிய பிறகுதான் உலகம் ஒப்புக்கொண்டது.

களை எடுப்பது நமக்குத் தெரியாத வேலையா? வரப்பில் கிடக்கும் செடி தட்டுக்கு வந்த கதை இது. படித்தபோது எங்கள் கரிசல் காடுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

இந்த நஞ்சு வேலை செய்யும் விதம் இதுதான். அரிஸ்டலோக்கிக் அமிலம் என்று பெயர். உடலுக்குள் போய் மாற்றமடைந்து, செல்லின் டி.என்.ஏ.வில் அடினின் என்ற எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அடுத்த பிரதி எடுக்கும்போது அடினின் இருந்த இடத்தில் தைமின் விழுந்துவிடுகிறது. ஓர் எழுத்துப் பிழை! அச்சுக் கோர்த்தவர்களுக்குத் தெரியும், ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று. இந்தப் பிழை வேறெதிலும் இவ்வளவு சீராக வருவதில்லை. ஆகவே இது கைரேகை மாதிரி. ஆண்டுகள் பல கழித்தும் கட்டியை ஆராய்ந்து 'இன்னார் வந்து போனார்' என்று சொல்லிவிடலாம். 2012-ல் தைவான் நோயாளிகளிடம் இதே கைரேகையைக் கண்டார்கள். அங்கே 1997 முதல் 2003 வரை, சுமார் மூன்றில் ஒருவருக்கு இவ்வினம் சேர்ந்திருக்கக்கூடிய மூலிகைகள் மருந்துச் சீட்டில் எழுதப்பட்டிருந்தன என்பது கணக்கு.

ஆயிரம் ஆண்டுகள் இது எப்படித் தெரியாமல் போயிற்று? வலி இல்லை, வாந்தி இல்லை, உடனே சாவு இல்லை. இன்று தின்ற வேருக்கும் பத்தாண்டு கழித்து வரும் நோய்க்கும் யாரால் முடிச்சுப் போட முடியும்? நாட்டு வைத்தியரைக் குறை சொல்லிப் பயனில்லை. பொதுவாக ஒரு மருந்தின் குணத்தை நோயாளி அடுத்த வாரம் வந்து சொல்வார். ஆண்டுகள் கழித்து வருபவர் வேறு டாக்டரிடம் வேறு நோய்க்காக அல்லவா போகிறார்!

அரசுகள் விழித்துக்கொண்டன. எலிகளுக்குப் புற்றுநோய் வருவதைக் கண்டு ஜெர்மனி 1981-லேயே இதன் மருந்துகளை விலக்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2002-ல் இவ்வினம் சேர்ந்த மூலிகை மருந்துகளை முதல் வகுப்பில், அதாவது மனிதனுக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவை பட்டியலில் சேர்த்தது. 2003-ல் தைவான் தடை செய்தது. சீனாவும் 2003, 2004 ஆண்டுகளில் குவாங் ஃபாங் ஜி, சிங் மு ஷியாங் முதலியவற்றை விலக்கியது. குதிரை மணிக்காய் 2020 பதிப்பில்தான் அவர்கள் மருந்தியல் நூலிலிருந்து நீங்கிற்று.

1981! நாம் கல்லூரிப் படியேறிய ஆண்டு. ஜெர்மனியில் கதவைச் சாத்திய மருந்தை, இரண்டு ஆண்டுகள் கழித்து நான் ஸ்கெட்ச் பேனாவில் எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறேன்.

டம்ளர்

சில ஆண்டுகளுக்கு முன் நாமக்கல்லில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் ரசம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம் என்று கை காட்டிக்கொண்டே இருந்தார். திரும்பிப் பார்த்தால் என் பெஞ்சுத் தோழன்! ஆள் பாதியாகியிருந்தான். இடது கையில் டயாலிசிஸ் ஊசித் தழும்புகள்.

"ரெண்டும் சுருங்கிப் போச்சு மாப்ள. சுகர் இல்ல, பிரஷர் அப்புறந்தான் வந்துச்சு. காரணம் தெரியலைங்கறாங்க. வாரம் மூணு நாள் சேலம் போய்ட்டு வரேன்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. கை கழுவும் இடத்தில் மெதுவாகக் கேட்டேன்: "அந்த வேர்ப்பொடி... எத்தனை நாள்டா சாப்பிட்டே?"

"அதுவா? படை கேட்டுச்சு, விட்டேன். மறுபடி வந்துச்சு, மறுபடி சாப்பிட்டேன். அப்படியே ஒரு ஏழெட்டு வருசம் இருக்கும். ஏன் கேக்கறே?"

சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை. கல்யாண மண்டபத்துப் பின்புறம் வேப்ப மரத்தடியில் நின்று பிரஸ்ஸல்ஸிலிருந்து தைவான் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நோய்க்கு அந்த வேர்தான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. காரணம் தெரியாத சிறுநீரக நோய் நம் நாட்டில் இந்த வேரைத் தொடாத விவசாயிகளுக்கும் எத்தனையோ பேருக்கு வருகிறது. ஆனால் அந்த வேர் இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாதே!

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தான். "அதுக்கு உனக்கு டம்ளர் வேற குடுத்தாங்க, இல்ல?" என்றான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. கிளம்பும்போது சொன்னான்: "விடு மாப்ள. நீ குடுத்தது நல்ல எண்ணத்துல. ஆனா எங்கியாச்சும் எழுதி வை. நம்ம ஊர்ல இன்னும் எத்தனை பேரு இடிச்சுத் தின்னுட்டிருக்கானோ!"

அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நண்பர்களுக்கு

கசப்பெல்லாம் நஞ்சு என்று சொல்ல வரவில்லை. 2012-ல் டெங்கு பரவியபோது நம் அரசு கொடுத்த நிலவேம்புக் குடிநீரும் கசப்புத்தான். அதன் ஒன்பது சரக்குகளில் இந்த வேர் கிடையாது. ஆடாதொடையும் ஆடு தொடாததுதான், ஆனால் அது முற்றிலும் வேறு குடும்பம். வாசலில் கட்டித் தொங்கவிடும் ஆகாச கருடன் கிழங்கு வேறு, கருடக்கொடி வேறு. பெயர் ஒன்றுபோல இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பிரஸ்ஸல்ஸில் நடந்தது அதுதான்.

ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி என்ற பெயரில் பொடியோ சூரணமோ வீட்டில் இருந்தால் உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள். முன்பு நெடுநாள் சாப்பிட்டிருந்தால், கூச்சப்படாமல் சிறுநீரக டாக்டரிடம் அதைச் சொல்லி இரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரில் இரத்தம் கண்டால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். பாம்பு கடித்தால் வேரைத் தேடாமல் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஆனால் செடியைப் பிடுங்கி எறிந்துவிடவும் வேண்டாம். கறுப்புச் சிறகும் சிவந்த உடலும் கொண்ட வண்ணத்துப்பூச்சிகள் வரப்போரம் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் புழு இந்தக் குடும்பத்து இலையைத்தான் தின்னும். இந்த நஞ்சை உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்வதால் பறவைகள் அவற்றைத் தொடுவதில்லை. யாருக்கு எது உணவு என்பதை அந்தப் புழுவும் அறிந்திருக்கிறது, ஆடும் அறிந்திருக்கிறது. என் அமுச்சியும் அறிந்திருந்தாள். பட்டப் படிப்புப் படித்த எனக்குத்தான் தெரியவில்லை.

போன மாதம் இந்தக் கட்டுரைக்காக நம் தாவரவியல் துறைக்குப் போயிருந்தேன். இன்றைய மாணவர்கள் அன்போடு பழைய அலமாரியைத் திறந்து தேடிக் கொடுத்தார்கள். 1982-ல் நான் ஒட்டிய அட்டை அங்கே இருந்தது! இலை பழுப்பேறியிருந்தது. பூ கறுத்திருந்தது. ஓரத்தில் என் கையெழுத்தில் பெயர், ஊர், தேதி. 'பயன்' என்ற இடத்தில் 'உள்ளுக்குக் கொடுக்கலாம்' என்று எழுதியிருந்தேன்.

துறைத் தலைவரிடம் அனுமதி கேட்டு, அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, கீழே 'நஞ்சு. உள்ளுக்குக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு வந்தேன்.

சந்திப்பு நாளன்று என் தோழனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அன்று டயாலிசிஸ் இல்லாத நாளாம். பார்ப்பவர்கள் அவனோடு நாலு வார்த்தை பேசுங்கள். தண்ணீர் மட்டும் அதிகம் கொடுத்துவிடாதீர்கள்.

- பி.எஸ்ஸி. தாவரவியல், 1981-84 அணி மாணவன்